சின்ன பேட்டரி கொடுக்குமா, வாங்குமா?



பேட்டரி கரண்ட் கொடுக்கும். இது ஒண்ணாம் வகுப்பு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பேட்டரி கரண்டை வாங்குமா? சார்ஜரில் போட்ட செல்போனைச் சொல்லவில்லை. கடையில் வாங்குகிற சாதாரண பென்சில் செல்லைத்தான் சொல்கிறேன்.

ஒரு சர்க்யூட்டில் இரண்டு பேட்டரி இருந்தால், ஒன்று கொடுத்துக்கொண்டே இருக்கும்போது இன்னொன்று கூடச் சேர்ந்து கொடுக்கலாம், சும்மா இருக்கலாம், திருப்பி வாங்கவும் செய்யலாம். மூன்றில் எது நடக்கும் என்று பேட்டரியைத் தொடாமலேயே பேப்பரும் பேனாவும் வைத்துச் சொல்லிவிட முடியுமாம். நம்ம கிளாஸில் பாதிப் பேர் நம்பவில்லை. அதனால் முதலில் எழுதி வைத்து, அதற்கப்புறம் அளந்து பார்த்தேன்.

இதுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று ஓம் விதி. பள்ளி அறிவியலிலேயே இருக்கு. இன்னொன்று, இரண்டு தெரியாத எண் உள்ள சமன்பாட்டைத் தீர்ப்பது. அது கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதப் பாடத்தில் இருக்கு. இரண்டையும் சேர்த்து வைக்கிற வேலையை 1845ஆம் ஆண்டு கிர்க்காஃப் என்பவர் செய்தார். ஜெர்மானியர். அப்போது அவருக்கு வயது 21தான், காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்! பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அவர் பெயரில் இரண்டு விதி வருது. எதிர்வீட்டு அக்கா புத்தகத்தில் பார்த்தேன்.

முதல் விதி: ஒரு சந்திக்குள் எவ்வளவு கரண்ட் வருதோ அவ்வளவும் வெளியே போகணும். பூந்தமல்லி ரவுண்டானாவில் வண்டி எல்லாம் வந்து வந்து போகிற மாதிரி (போக்குவரத்து நெரிசல் மட்டும் இங்கே கிடையாது). இரண்டாவது விதி: சர்க்யூட்டில் எந்த இடத்தில் கிளம்பி எந்த வழியாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்தாலும், பேட்டரி ஏற்றின வோல்ட்டும் வழியில் இறங்கின வோல்ட்டும் சமமாக இருக்கும். மாடிப்படி ஏறி, சறுக்குமரத்தில் இறங்கி, கிளம்பின இடத்துக்கே வந்தால் ஏறின உயரமும் இறங்கின உயரமும் ஒன்றுதானே.

மீன் வலையைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒவ்வொரு கட்டமும் ஒரு கண்ணி. பெரிய சர்க்யூட்டும் அப்படித்தான், பல கண்ணி சேர்ந்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு கரண்ட் சுற்றுவதாக வைத்துக்கொண்டு, கண்ணிக்கு ஒரு சமன்பாடு எழுதினால் போதும் என்று எளிமையாக்கியவர் மேக்ஸ்வெல். ஆங்கிலத்தில் மெஷ் அனாலிசிஸ் என்கிறார்கள். நான் கண்ணிக் கணக்கு என்றே எழுதுகிறேன். சுருக்கமாக இருக்கு.

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். இந்தத் தாளின் ஓரத்தில் வரைந்திருக்கிறேன் பாருங்க. மேலே ஒரு ஒயர், கீழே ஒரு ஒயர், நடுவில் மூன்று கம்பம். இடது கம்பத்தில் நான்கு செல், அதாவது 6 வோல்ட், அதோடு 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. வலது கம்பத்தில் இரண்டு செல், 3 வோல்ட், அதோடு இன்னொரு 100 ஓம். இரண்டு பேட்டரிக்கும் பிளஸ் மேல்பக்கம். நடுக் கம்பத்தில் ஒரு ரெசிஸ்டர் மட்டும். அதைத்தான் மாற்றி மாற்றிப் போடப் போகிறோம்.

ரெசிஸ்டருக்கு நான் ரிச்சி தெரு வரைக்கும் போகவில்லை. எங்க அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்க்கிறாங்க. பழைய போர்டில் இருந்து கழற்றிப் போட்டதை அங்கே கேட்டு வாங்கி வந்தாங்க. பழுப்பு கருப்பு பழுப்பு என்றால் 100, சிவப்பு சிவப்பு பழுப்பு என்றால் 220, மஞ்சள் ஊதா கருப்பு என்றால் 47. அம்மா எட்டாவது வரைதான் படிச்சாங்க. ஆனா கோடு பார்த்ததும் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள ஓம் சொல்லிடுவாங்க. நான் இன்னும் பேப்பரைப் பார்த்துத்தான் சொல்றேன்.

இடது பேட்டரி கொடுக்கிற கரண்ட் ‘அ’ என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பேட்டரி கொடுக்கிற கரண்ட் ‘ஆ’. இரண்டும் மேலே போய் நடுக் கம்பம் வழியாகக் கீழே இறங்கணும். அதனால் நடுவில் ஓடுவது அ + ஆ. இப்போ கண்ணிக்கு ஒன்றாக எழுதினால்:

6 = 100 அ + நடு × (அ + ஆ)
3 = 100 ஆ + நடு × (அ + ஆ)

அவ்வளவுதான்! ‘நடு’ என்ற இடத்தில் நடு ரெசிஸ்டரின் ஓம் எண்ணைப் போடணும். இரண்டையும் கூட்டினால், 9 = (100 + 2 × நடு) × (அ + ஆ). ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் இன்னும் அழகு: 3 = 100 × (அ − ஆ). இந்தக் கடைசி வரியில் ‘நடு’ என்ற வார்த்தையே காணோம் பார்த்தீர்களா? அப்படியென்றால் நடுவில் எதைப் போட்டாலும் இரண்டு பேட்டரி கரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறவே கூடாது. எப்போதும் 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர். கணக்கு போடும்போது எனக்கு இந்த வரிதான் ரொம்பப் பிடித்தது. இது பொய்யாகிவிட்டால் மொத்தக் கணக்கும் பொய் என்று இதன் மேல்தான் குறி வைத்தேன்.

இப்போ மூன்று ரெசிஸ்டரையும் போட்டுப் பாருங்கள். நடுவில் 47 ஓம் என்றால் அ + ஆ = 9 ÷ 194, அதாவது 46.4 மில்லி ஆம்பியர். வித்தியாசம் 30. ஆகவே அ 38.2, ஆ 8.2. இரண்டு பேட்டரியும் கொடுக்குது. நடுவில் 100 ஓம் என்றால் கூட்டுத்தொகை 30, வித்தியாசமும் 30. அப்போ ஆ = 0! பேட்டரி இருக்கு, ஒயர் இருக்கு, எங்கேயும் அறுந்து போகலை, ஆனால் ஒரு சொட்டு கரண்ட் கூட ஓடாதாம். நடுவில் 220 ஓம் என்றால் கூட்டுத்தொகை 16.7. அ 23.3. ஆ என்ன தெரியுமா? மைனஸ் 6.7.

கரண்டில் மைனஸ் என்றால் என்ன அர்த்தம்? நாம் வரைந்த அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் ஓடுது என்று அர்த்தம். அதாவது 3 வோல்ட் பேட்டரி கொடுக்கவில்லை, வாங்குது.

இது எப்படி என்று மொட்டை மாடியில் யோசித்தால் சுலபமாகப் புரியும். உயரமான மேடையில் ஒரு தண்ணி டேங்க், தாழ்வான மேடையில் இன்னொரு டேங்க். இரண்டும் ஒரே பைப்பில் சேர்ந்து கீழே ஒரு குழாய்க்கு வருது. குழாயை முழுசாகத் திறந்தால் தண்ணி வேகமாக வெளியே போகும். இரண்டு டேங்கும் கொடுக்கும். குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் வெளியே போக வழி பத்தாது. உயர டேங்க் தண்ணி தாழ்வான டேங்குக்குள் ஏறிவிடும். நடுவில் ஒரு அளவில், தாழ்வான டேங்கில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. 47 ஓம் என்பது நன்றாகத் திறந்த குழாய். 220 என்பது இறுக்கி மூடின குழாய்.

இனிமேல்தான் சோதனை. பேப்பரில் 6 வோல்ட் என்று எழுதினாலும் உண்மையான செல் அப்படி இருக்காது. அளந்ததில் இடது பேட்டரி 6.24, வலது பேட்டரி 3.12 வோல்ட். 100 ஓம் என்று கோடு போட்டது மூன்றுமே 99 ஓம்தான் இருந்தது. 220 என்பது 218. 47 என்பது 46.7. தங்கக் கோடு இருந்தால் நூற்றுக்கு ஐந்து கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் கம்பெனிக்காரன் ஏமாத்தலை. இந்த எண்களை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டு, பேப்பரை டீச்சரிடம் கொடுத்து கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் ஒயரை மாட்டினேன். அப்புறம் திருத்திட்டா என்று யாரும் சொல்லக் கூடாதில்லையா?

கரண்டை நேராக அளக்கவில்லை. ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் வோல்ட் அளந்து 99ஆல் வகுத்தேன். அதுக்குக் காரணம் இருக்கு, பிறகு சொல்கிறேன்.

நடுவில் 46.7 ஓம்: கணக்கு சொன்னது அ 40.1, ஆ 8.6. அளந்தது 39.5, 8.7.
நடுவில் 99 ஓம்: கணக்கு சொன்னது அ 31.5, ஆ 0. அளந்தது 31.1, 0.2.
நடுவில் 218 ஓம்: கணக்கு சொன்னது அ 24.5, ஆ மைனஸ் 7.0. அளந்தது 24.2, மைனஸ் 6.8.

எல்லாம் மில்லி ஆம்பியர். 218 போட்டதும் மல்டிமீட்டர் திரையில் 0.67க்கு முன்னால் ஒரு சின்னக் கோடு வந்து நின்றது. அந்த மைனஸ் கோட்டைப் பார்க்க ஏழு பேர் மேசை மேல் சாய்ந்ததில் ஒரு செல் கழன்று உருண்டு ஓடிவிட்டது. பிறகு மாட்டித் திரும்ப அளந்தோம், அதே 0.67. வித்தியாசத்தையும் பாருங்கள். அளந்ததில் 30.8, 30.9, 31.0. கணக்குப்படி 31.5. நடு ரெசிஸ்டரை நாலு மடங்குக்கு மேல் மாற்றியும் அது அசையவே இல்லை.

ஆனால் ஒரு இடம் உறுத்தியது. பூஜ்ஜியம் வர வேண்டிய இடத்தில் 0.2 வந்திருக்கு. சின்னதுதான், விட்டுவிடலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். விட மனசில்லை. ஏனென்றால் கணக்கு தெளிவாகப் பூஜ்ஜியம் சொல்லுது. வேலை நடக்கும்போது இடது பேட்டரியின் வோல்ட்டை அளந்தேன். 6.24 இருந்தது 6.18 ஆகிவிட்டது. 31 மில்லி ஆம்பியர் ஓடும்போது 0.06 வோல்ட் காணாமல் போகுது. வகுத்துப் பார்த்தால் 2 ஓம். அந்த 2 ஓம் வெளியே எங்கேயும் இல்லை. செல்லுக்குள்ளேயே இருக்கு! இதை அகமின்தடை என்கிறார்கள். நாலு செல்லுக்கு 2 என்றால் இரண்டு செல்லுக்கு 1. இடது கம்பத்தை 101 ஓம், வலது கம்பத்தை 100 ஓம் என்று மாற்றிக் கணக்கு போட்டேன். ஆ = 0.2 வந்தது.

கரண்டை நேராக அளக்காததற்குக் காரணம் இப்போ சொல்லலாம். கரண்ட் அளக்கணும் என்றால் ஒயரை அறுத்து மீட்டரை நடுவில் மாட்டணும். மீட்டரும் ஒரு ரெசிஸ்டர்தான். 20 மில்லி ஆம்பியர் அளவில் வைத்தால் நம்ம மீட்டர் உள்ளே 10 ஓம் இருக்கு. 218 சர்க்யூட்டில் அப்படி மாட்டியபோது மைனஸ் 6.8க்குப் பதில் மைனஸ் 6.4 காட்டியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது உள்ளே நுழைந்ததும் சர்க்யூட்டே வேறு சர்க்யூட் ஆகிவிட்டது. அந்த 10 ஓமையும் கணக்கில் சேர்த்தால் 6.4 சரியாக வருது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் எப்போதும் போல இருப்போமா, அந்த மாதிரி!

ஒரு எச்சரிக்கை. சாதாரண செல்லை இப்படி ரொம்ப நேரம் சார்ஜ் ஆக விடக்கூடாது. கசிந்துவிடும், சூடானால் ஆபத்து. அளக்கும் சில வினாடி மட்டும் மாட்டிவிட்டு எடுத்துவிடணும். வீட்டு பிளக்கில் கைவைக்கவே கூடாது. பழைய செல்லையும் புது செல்லையும் கலந்து போடாதே என்று அட்டையில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதே காரணம்தான், நல்லது கெட்டதைத் தள்ளும்.

சரி, இந்த மைனஸ் கோடு மேசையோடு முடிகிற விஷயமா? இல்லை. எங்கள் தெருவில் ஒரு லைன்மேன் மாமா இருக்கார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஞாபகம் இருக்கும், நம்ம பக்கம் எல்லாம் தண்ணி நின்று, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஒரு வீட்டில் சின்ன ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, அதன் ஒயரை நேராகச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டார்கள். மெயினை ஆஃப் பண்ணவில்லை. தெருக்கோடியில் லைன் அறுந்து கிடந்தது. மாமா கம்பத்தில் ஏறினார். டிரான்ஸ்பார்மர் பக்கம் எல்லாம் ஆஃப் பண்ணியாச்சு. கணக்குப்படி லைனில் ஒண்ணும் இருக்கக் கூடாது. ஆனாலும் கை வைப்பதற்கு முன்னால் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. இறங்கிவிட்டார்.

நடந்தது என்ன? கரண்ட் வாங்க வேண்டிய வீடு கொடுத்துக்கொண்டிருந்தது. வலது கம்பம் மாதிரியேதான், திசை மாறிவிட்டது. எல்லா வீட்டு லோடும் சேர்ந்து இழுத்திருந்தால் சின்ன ஜெனரேட்டர் திணறி நின்றிருக்கும். லைன் அறுந்து, மிச்சம் இரண்டு மூன்று வீடுதான் அதில் இருந்ததால் அது பாட்டுக்கு ஓடியிருக்கு. இதில் இன்னொரு பயங்கரம் மாமா சொன்னார். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கு 230 ஆக இறக்குது இல்லையா, அதற்கு எந்தப் பக்கம் வீடு என்றெல்லாம் தெரியாது. இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 ஆக ஏற்றிவிடும்!

இதற்காகத்தான் ஜெனரேட்டர் வைக்கிறவர்கள் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடணும். அதன் கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளினால் லைன், இன்னொரு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே கண்ணியில் சேரவே முடியாது. லைனோடு சேர்த்து மாட்டுகிற சோலார் இன்வர்ட்டரும் லைனில் கரண்ட் போனால் தானாக நின்றுவிடுகிற மாதிரித்தான் செய்திருக்கிறார்கள், வெயில் எவ்வளவு அடித்தாலும்.

ஆனால் மின்வாரியத்துக்கு இரண்டு மூலம் மட்டுமா? வடசென்னை அனல்மின் நிலையம், கல்பாக்கம், நெய்வேலி, காற்றாலை எல்லாம் ஒரே வலையில் இருக்கு. ஆவடிக்கு வடக்கே அலமாதியில் உள்ள 400 கிலோவோல்ட் துணை மின்நிலையம் அந்த வலையில் ஒரு முடிச்சு. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னிந்திய வலையையும் மற்ற வலையோடு சேர்த்தபிறகு இந்தியா முழுக்க ஒரே வலை. அங்கே ஓடுவது ஏசி கரண்ட். கணக்கு நீளம், கம்ப்யூட்டர்தான் போடும். ஆனாலும் அடிப்படை கிர்க்காஃப் சொன்ன அதே இரண்டு விதிதான். எந்த லைனில் எந்தப் பக்கம் எவ்வளவு ஓடும் என்று முன்கூட்டியே தெரியாமல் ஒரு சுவிட்சைப் போட மாட்டார்கள்.

டெஸ்டர் எரியவில்லை என்றாலும் மாமா உடனே கை வைக்க மாட்டாராம். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் லைனில் எர்த் ராடை மாட்டி, லைனைப் பூமியோடு இணைத்துவிடுவார். ஏன் என்று கேட்டேன். “யாராவது தெரியாம கரண்ட் விட்டாலும் மண்ணுக்குப் போயிடும்மா, எனக்கு வராது” என்றார். நம்ம சர்க்யூட்டில் அதற்கு என்ன பெயர்? நடு = 0! நடுக் கம்பத்தில் ரெசிஸ்டருக்குப் பதில் வெறும் ஒயர்.

கணக்கைப் போட்டேன். நடு = 0 என்றால் அ 63.0, ஆ 31.5. இரண்டு பேட்டரியும் போட்டி போட்டுக்கொண்டு கொடுக்கும். யாரும் யாரைத் தள்ளவும் முடியாது. மேல் ஒயருக்கும் கீழ் ஒயருக்கும் நடுவில் வோல்ட் பூஜ்ஜியம். ஒயரைப் போட்டு அளந்தேன். அ 61.8, ஆ 31.2, நடுவில் 0.00. இடது கம்பத்து ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சூடாகிவிட்டது. அது கால் வாட் ரெசிஸ்டர், அதன் மேல் விழுந்தது 0.38 வாட். உடனே எடுத்துவிட்டோம். மாமாவிடம் அந்தப் பேப்பரைக் காட்டினேன். 0.00 எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இந்த இடத்துலதான் நான் நிக்கிறேன்” என்றார்.

சர்க்யூட் பலகை வரும் செவ்வாய், புதன் மதிய இடைவேளையில் லேப் மேசை மேல் இருக்கும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மாவிடம் இருந்து ஆரஞ்சு ஆரஞ்சு கருப்பு, அதாவது 33 ஓம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் மாட்டவில்லை. அ எவ்வளவு, ஆ எவ்வளவு என்று முதலில் பேப்பரில் எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டு வாங்க. மீட்டரை உங்கள் கையிலேயே தருகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி